நம்பரைப் படித்தால் பாகம் கிடைக்கும்

'டெம்போ' என்ற சொல்லை அறியாதவர் மும்பையில் இல்லை. தாராவியில் தைத்த தோல் பை, கும்பார்வாடாவில் சுட்ட பானை, பழைய பிளாஸ்டிக் எல்லாம் டெம்போவில்தான் போகின்றன.

டெம்போ என்பது முதலில் ஒரு கம்பெனியின் பெயர். ஜெர்மனி நாட்டு டெம்போ கம்பெனியின் துணையோடு 1958-இல் பஜாஜ் டெம்போ தொடங்கியது. இந்தக் கம்பெனி 1969 முதல் மெட்டடார் வண்டியைத் தயாரித்தது. 2005-இல் கம்பெனியின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. இப்போது மெட்டடார் தயாராவதில்லை.

பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். டீசல் பாகம் கெட்டால் கடை கடையாக அலைய வேண்டும். "அந்த மாடல் இப்போது வருவதில்லை" என்று கடைக்காரர் சொல்வார்.

பாகம் உண்மையிலேயே இல்லையா? பல நேரங்களில் இருக்கிறது. நாம் கேட்கும் முறைதான் சரியில்லை. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். பாகத்தின் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

டீசல் போகும் வழி

டேங்கில் இருந்து டீசல் கிளம்புகிறது. ஃபீட் பம்பு அதை இழுக்கிறது. ஃபில்டர் தூசியையும் தண்ணீரையும் பிரிக்கிறது. பிறகு டீசல் பெரிய பம்புக்குப் போகிறது. இதை எஃப்.ஐ. பம்பு என்பார்கள். அது டீசலை மிகுந்த அழுத்தத்தோடு இரும்புக் குழாயில் தள்ளுகிறது. குழாயின் முடிவில் நாசில் இருக்கிறது. நாசில் டீசலைப் புகைபோலத் தூவுகிறது. எஞ்சின் ஓடுகிறது.

நாசில் தேய்ந்தால் டீசல் தூவாது, சொட்டும். கரும்புகை வரும். டீசல் செலவு கூடும்.

கடையில் ஒரு பேச்சு

"தம்பி, டெம்போவுக்கு ஒரு நாசில் வேணும்."

"எந்த வண்டி அண்ணாச்சி?"

"பழைய மெட்டடார்."

"அது போதாது அண்ணாச்சி. பழைய நாசிலைக் கழற்றிக் கொண்டு வந்தீங்களா? அதுல நம்பர் இருக்கும். வாசிச்சுச் சொல்லுங்க."

ஏன் அப்படிக் கேட்கிறார்? ஒரே பெயருள்ள வண்டியில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு எஞ்சின் இருக்கும். பிற்கால மெட்டடார்களில் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் ஓ.எம். 616 எஞ்சின். அதே எஞ்சின் பென்ஸ் காரிலும் ஓடியது. அதன் வழிவந்த எஞ்சின்கள் ஃபோர்ஸ் கம்பெனியின் டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் வந்தன. ஆகவே வண்டி நின்றுபோனாலும் எஞ்சினின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவற்றின் பாகம் உங்கள் வண்டிக்குப் பொருந்தலாம். ஆனால் நம்பர் ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருந்தால் மட்டும் போதாது.

நம்பர் எங்கே இருக்கும்?

எஃப்.ஐ. பம்பின் பக்கவாட்டில் சிறு தகடு இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். நம்பரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில 'ஓ' எழுத்தும் சைபரும் ஒன்றுபோல் தெரியும். 'பி' எழுத்தும் எட்டும் குழப்பும். இரண்டு முறை பாருங்கள்.

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், தயாரித்த ஆண்டு எல்லாம் இருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பம்பில் 'மைக்கோ' என்று இருக்கலாம். மைக்கோ கம்பெனி 1951-இல் தொடங்கியது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. மைக்கோ இல்லை என்றால் திரும்பி வராதீர்கள். "இந்த நம்பரில் பாஷ் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

எங்கே தேடலாம்?

1. முதலில் வண்டிக் கம்பெனியின் டீலரிடம் கேளுங்கள்.
2. புதிய பாகங்களுக்குச் சர்னி ரோடு ஸ்டேஷன் பக்கம் ஆபரா ஹவுஸ் வட்டாரத்தில் கடைகள் உண்டு.
3. பழைய பாகங்களுக்குக் குர்லா சி.எஸ்.டி. ரோடு பக்கம் பாருங்கள்.
4. சென்னையில் உறவினர் இருந்தால் நம்பரை எழுதி அனுப்புங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகள் நிறைய உண்டு.
5. எங்கும் கிடைக்கவில்லையா? பம்பு பழுது பார்க்கும் கடைக்குப் போங்கள். முழுப் பம்பையும் மாற்றாமல், தேய்ந்த உள்பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். கம்பெனியின் பெயர், முகவரி, விலை, மாதம், ஆண்டு இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் போலியாக இருக்கலாம். பழைய பாகம் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இல்லாத பாகம் திருட்டுப் பொருளாக இருக்கலாம். கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

உயிர் முக்கியம்

• டீசல் குழாய்க்குப் பதில் தண்ணீர்க் குழாயை மாட்டாதீர்கள். டீசல் பட்டு அது ஊறிப் பிய்ந்துவிடும். ஒழுகும் டீசல் சூடான எஞ்சினில் பட்டால் தீப்பிடிக்கும்.
• நாசில் தூவும் இடத்தில் கையை வைக்காதீர்கள். டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
• ஓட்டை டேங்கை அப்படியே வெல்டிங் செய்ய விடாதீர்கள். காலி டேங்கிலும் டீசல் ஆவி இருக்கும். அது வெடிக்கும்.

பாகம் சிறியதுதான். அதன் மேல் உள்ள நம்பர் இன்னும் சிறியது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வீணாக அலைய மாட்டார், ஏமாறவும் மாட்டார்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. ஃபில்டர் எதைப் பிரிக்கிறது?
2. மைக்கோ கம்பெனியின் இப்போதைய பெயர் என்ன?
3. காலி டேங்கை வெல்டிங் செய்தால் என்ன ஆபத்து?

ஆ. உங்களுக்குத் தெரிந்த ஒரு வண்டியைப் பார்த்து நிரப்புங்கள்.
வண்டியின் பெயர்: ............
தயாரித்த ஆண்டு: ............
எஞ்சின் நம்பர்: ............
பம்பு நம்பர்: ............

இந்தத் தாளை ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.