கோலாலம்பூரில் எங்கே தங்குவது?

கேள்வி: நானும் என் நாத்தனாரும் முதல்முறையாக வெளிநாடு போகிறோம். கோலாலம்பூரில் ஐந்து நாள். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது நீண்டநாள் ஆசை. செயலியில் மலிவாக நிறைய அறைகள் காட்டுகிறது. பெண்கள் இருவர் பயமில்லாமல் தங்க எந்தப் பகுதி நல்லது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, வாடகையைப் பார்க்குமுன் தெருவைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ரயிலைவிட்டு இறங்கி அறைக்கு நடக்கிறீர்கள் என்று வையுங்கள். வழியில் கடை திறந்திருக்குமா, ஆள் நடமாட்டம் இருக்குமா? இருந்தால் அந்த அறையை எடுங்கள்.

உங்களுக்கு ஏற்றது பிரிக்ஃபீல்ட்ஸ். பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரல் நிலையம். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் சுமார் அரை மணி நேரத்தில் அங்கே வந்துவிடும். பத்துமலைக்கும் அங்கிருந்தே ரயில் உண்டு. துன் சம்பந்தன் சாலையில் தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைய. வழி கேட்கத் தமிழே போதும். ஆனால் பின்சந்து விடுதி வேண்டாம், பெரிய சாலையை ஒட்டியே எடுங்கள். இன்னொரு பகுதியான புக்கிட் பிந்தாங்கில் நள்ளிரவிலும் கூட்டம் இருக்கும், இரைச்சலும் இருக்கும். சௌக்கிட் பகலில் பார்க்க வேண்டிய சந்தை. அறை மலிவு என்பதற்காக, ஊருக்குப் புதிய நீங்கள் இரவில் அங்கே தங்க வேண்டாம்.

அந்த ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பவர்களை. கைப்பை சாலைப் பக்கம் தொங்கக் கூடாது, கடைப் பக்கம் இருக்கட்டும். நடைபாதை ஓரத்தில் நின்று கைப்பேசியைப் பார்க்காதீர்கள். கனத்த சங்கிலிகளை ஊரிலேயே வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ‘கிராப்’ செயலியில் கார் பிடியுங்கள். கட்டணம் முன்கூட்டியே தெரியும், ஏறுமுன் வண்டி எண்ணைச் சரிபார்க்கலாம்.

பத்துமலையின் 272 படிகளைக் காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயிலுக்கு முன். பழமோ தின்பண்டமோ கையில் தெரிந்தால் குரங்குகள் பிடுங்கும்.

பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும். விடுதி முகவரியை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 999. யார் கெஞ்சிக் கேட்டாலும் அடுத்தவர் பொட்டலத்தை விமானத்தில் கொண்டுபோகாதீர்கள். அதில் போதைப்பொருள் இருந்துவிட்டால், அங்கே தண்டனை மிகக் கடுமை.

பெண்கள் இருவராகப் போகிறோமே என்று தயங்க வேண்டாம். அறையை நல்ல தெருவில் எடுத்துவிட்டால் பாதிக் கவலை ஊரிலேயே தீர்ந்துவிடும். தைரியமாகப் போய் வாருங்கள்.