விசாவைத் தாங்கும் சேர்க்கை



வெளிநாடு சென்று படிக்கும் மாணவர் பலர், விசாவில் குறித்த இறுதி நாள் வரை அந்நாட்டில் தங்கத் தமக்கு உரிமை உண்டு என்றே எண்ணுகின்றனர். ஆனால் ஆஸ்திரேலியா வழங்கும் 500ஆம் உட்பிரிவு மாணவர் விசா, அந்நாளைக் காட்டிலும் மாணவரின் கல்விச் சேர்க்கையையே அடிப்படையாகக் கொண்டது.

அவ்விசாவுடன் இணைந்த 8202ஆம் எண் நிபந்தனை மூன்று கடமைகளை விதிக்கிறது. வெளிநாட்டு மாணவர்க்கெனப் பதிவு பெற்ற படிப்பொன்றில் முழுநேரமாகச் சேர்ந்திருத்தல் முதலாவது; விசா எந்தப் படிப்புக்காக வழங்கப்பட்டதோ அதற்கு இணையான அல்லது அதனினும் உயர்ந்த நிலையிலுள்ள படிப்பில் நீடித்தல் இரண்டாவது; வருகையிலும் தேர்ச்சியிலும் கல்வி நிறுவனம் ஏற்கும் அளவை எட்டுதல் மூன்றாவது. இங்கு நிலை என்பது, அந்நாட்டுக் கல்வித் தகுதிகளைப் பத்துப் படிகளாக வகுத்த தேசியக் கட்டமைப்பைக் குறிக்கும். அதில் பட்டயம் 5ஆம் படியிலும், இளநிலைப் பட்டம் 7ஆம் படியிலும், முதுநிலைப் பட்டம் 9ஆம் படியிலும், முனைவர் பட்டம் 10ஆம் படியிலும் உள்ளன. ஆகவே முதுநிலைப் படிப்புக்கு விசா பெற்றவர், கட்டணம் குறைவு என்று கருதிப் பட்டயப் படிப்புக்கு மாறினால், வகுப்புக்கு நாள் தவறாமல் சென்றாலும் நிபந்தனையை மீறியவராகிறார். முனைவர் படிப்பிலிருந்து முதுநிலைக்கு இறங்குவதற்கு மட்டுமே விலக்கு உண்டு.

மாணவரின் இடத்தை உறுதிசெய்து நிறுவனம் வழங்கும் சான்றை மாணவர்கள் சிஓஇ என்பர். அது ரத்தாகும்போது, செய்தி அரசின் கணினிப் பதிவேடு வழியாகக் குடிவரவைக் கவனிக்கும் உள்துறையை எட்டுகிறது. எனினும் தேர்ச்சிக் குறைவை அரசுக்குத் தெரிவிக்குமுன், நிறுவனம் தன் எண்ணத்தை மாணவருக்கு எழுத்தில் அறிவித்து, தனக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய 20 வேலை நாள் தர வேண்டும் என்பது விதி.

முற்காலத்தில், நிறுவனம் அனுப்பிய அறிவிப்புக்குப் பின் 28 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் வராத மாணவரின் விசா தானாகவே ரத்தாகிவந்தது. 2013 ஏப்ரலில் அம்முறை நீங்கியபின், 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்கீழ் அதிகாரி ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்கிறார். ரத்து செய்யக் கருதுவதை முன்னறிவித்து, விளக்கம் கேட்டு, மீறலின் காரணம், அது மாணவரின் கைக்கு மீறியதா என்பது, ரத்தினால் நேரும் துன்பம் ஆகியவற்றை எடைபோட்டே அவர் முடிவெடுப்பார். பழைய முகவரியைத் திருத்தாததாலோ அச்சத்தாலோ மறுமொழி தராதவர், தம் பக்கத்து நியாயம் கேட்கப்படும் வாய்ப்பைத் தாமே இழக்கிறார்.

விசா ரத்தானால், நாட்டுக்குள் இருந்தபடியே வேறு விசாக் கோரும் வாய்ப்பு மிகவும் சுருங்கும். மூன்று ஆண்டுக் காலம் பல தற்காலிக விசாக்களுக்குத் தடையும் நேரலாம். ரத்தை எதிர்த்து, 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் அறிவிப்பில் குறித்த கெடு கடந்தால் அந்த வழியும் அடைபடும்.

எனவே நோயோ குடும்ப இழப்போ படிப்பைத் தடுக்கும்போது, வகுப்பை வாளாவிட்டுவிடாமல், மருத்துவச் சான்று முதலிய ஆவணங்களுடன் முறையான இடைவிடுப்பை நிறுவனத்திடம் கோருவதும், கீழ்நிலைப் படிப்புக்கு மாற விரும்பினால் முதலில் அதற்குரிய புதிய விசாவைப் பெறுவதும் மாணவர் மேற்கொள்ள வேண்டிய முறைகளாகும்.