கெர்னலுக்கும் ஒரு காவல்

ஒரு கணிப்பொறியில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. ஒன்றுக்குரிய நினைவகத்தில் மற்றொன்று தவறிப்போய் எழுதிவிட்டால் என்ன ஆகும்? 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இதற்கு விடை எளிது: எழுதியது எழுதியதுதான்! அதிலிருந்த 8088 சில்லுக்குக் காவல் காக்கத் தெரியாது.

1985-ல் இன்டெல் வெளியிட்ட 80386 சில்லு, நினைவகத்தை 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் காத்தது. பக்கம் நினைவகத்தில் இருக்கிறதா, அதில் எழுதலாமா, சாதாரண புரோகிராம் அதைத் தொடலாமா என்ற விவரங்கள் ஓர் அட்டவணையில் இருக்கும். விதி மீறப்பட்டால் சில்லு அந்த ஆணையை நிறுத்திவிட்டு, இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னலை அழைக்கும். மீறல் நடந்த முகவரி சி.ஆர்.2 என்ற பதிவகத்தில் இருக்கும். கூடவே ஒரு பிழை எண்ணும் வரும். பக்கமே இல்லையா, காவல் மீறப்பட்டதா? படிக்க முயன்றதா, எழுத முயன்றதா? முயன்றது புரோகிராமா, கெர்னலா? இம்மூன்றையும் அந்த எண்ணின் மூன்று பிட்டுகள் சொல்லிவிடும்.

உடனே கெர்னல் அந்தப் புரோகிராமைக் கொன்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? எப்போதும் அப்படியில்லை. லினக்ஸில் ஒரு புரோகிராம் தன்னைப் போலவே ஒரு சேயை உண்டாக்கும்போது பக்கங்கள் எல்லாம் நகலெடுக்கப்படுவதில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தைப் படிப்பதுபோல் தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ‘எழுதக்கூடாது’ என்று கெர்னல் குறித்து வைக்கும். ஒன்று எழுத முயன்றால் மீறல் ஏற்படும். கெர்னல் அப்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கும். நின்ற ஆணை மறுபடி ஓடும். நடந்தது எதுவும் புரோகிராமுக்குத் தெரியாது! உண்மையிலேயே தொடக்கூடாத இடமாக இருந்தால்தான் 11-ஆம் எண் சமிக்ஞை போகும். பெரும்பாலும் அத்துடன் புரோகிராமின் ஆயுள் முடியும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. புரோகிராம் ஒரு கோப்பைப் படிக்கச் சொன்னால், விவரங்களைப் பக்கத்தில் கொண்டுவந்து எழுதுவது கெர்னல் அல்லவா? கெர்னல் எழுதும்போது 386 சில்லு ‘எழுதக்கூடாது’ என்ற குறியைப் பார்ப்பதேயில்லை. சேய் கேட்ட விவரம் தாயின் பக்கத்திலும் பதிந்துவிடும். எச்சரிக்கையே இல்லாமல் நிகழும் இத்தகைய பிழைதான் மிகவும் பொல்லாதது.

எனவே 386-ல் ஓடும்போது, எழுதுவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் லினக்ஸ் தானே சோதிக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஓட்டை முழுதும் அடைபடவில்லை. சோதித்த பிறகு, வட்டிலிருந்து விவரம் வரும்வரை கெர்னல் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் புரோகிராமின் வேறொரு பகுதி புதிய சேயை உண்டாக்கினால், பக்கம் மீண்டும் பகிரப்பட்டுவிடுமே!

1989-ல் வந்த 80486 சில்லில் ஒரே ஒரு பிட் இதைத் தீர்த்தது. சி.ஆர்.0 பதிவகத்திலுள்ள அந்தப் பிட்டை 1 ஆக வைத்தால், கெர்னல் எழுத முயன்றாலும் மீறல் ஏற்படும், முன்சோதனை தேவையில்லை. ஆனாலும் பழைய சில்லுக்காக அந்தச் சுற்றுவழி லினக்ஸில் நெடுங்காலம் தங்கியிருந்தது. 2012 டிசம்பரில்தான் 386-க்கான பகுதிகள் நீக்கப்பட்டன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுதத் தொடங்கியதும் ஒரு 386 கணிப்பொறியில்தான்!