முதுகுவலியைத் தமிழில் அளத்தல்

எம்.ஆர்.ஐ. படத்தில் தேய்மானம் மிகுந்திருந்தும் இயல்பாக நடமாடுவோர் உளர். படம் சீராக இருந்தும் படுக்கையை விட்டு எழ இயலாதோரும் உளர். ஆகவே, முதுகுவலி ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்கியுள்ளது என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டியுள்ளது. அதற்கான வினாத்தாளே ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு.

இங்கிலாந்திலுள்ள ஆஸ்வெஸ்ட்ரி நகரின் பெயரைத் தாங்கிய இவ்வினாத்தாள் 1980இல் வெளியானது. வலியின் கடுமை, குளித்தல் உடுத்தல், சுமை தூக்குதல், நடத்தல், அமர்தல், நிற்றல், உறக்கம், மணவாழ்க்கை, பிறருடன் பழகுதல், பயணம் எனப் பத்துப் பிரிவுகள் இதில் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆறு கூற்றுகள். மதிப்பெண் 0 முதல் 5 வரை. மொத்தம் 50, அதை இரட்டித்தால் விழுக்காடு கிடைக்கும்.

இத்தகைய தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. ஆங்கில மூலம் மைல் கணக்கில் நடையையும், நாற்காலியில் அமர்வதையும் கேட்கிறது. நம் இல்லங்களிலோ தரையில் அமர்ந்து எழுவதே பலருக்குப் பெருஞ்சோதனை. எனவே இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டையும் ஒன்றாக்கியபின், மூலத்தைக் காணாத வேறு சிலர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவர். பொருள் மாறியுள்ளதா என வல்லுநர் குழு ஒப்புநோக்கும். பின்னர் நோயாளிகளிடம் சோதிக்கப்படும். இவ்வாறு உருவான தமிழ் வடிவம் பற்றிய ஆய்வு 2014இல் வெளியானது.

இதனை நிரப்புகையில் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

1. இன்றைய நிலையைக் குறியுங்கள். வலி மிகுந்திருந்த பழைய நாளை நினைத்துக் குறிக்க வேண்டா.

2. எழுதப் படிக்க இயலாதவருக்கு உறவினர் படித்துக் காட்டலாம். விடையை நோயாளியே கூற வேண்டும். "அம்மா எல்லா வேலையும் செய்கிறார்" என மகன் குறிப்பார். தனியே வினவினால், குனிந்து குளிக்க இயலவில்லை என்பதை மகனுக்குச் சுமையாகலாகாது என்று மறைத்ததாகத் தாய் கூறுவார். இதனை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

3. சுரங்கத்திலும் கனரக ஊர்திகளிலும் பணிபுரிவோர், வேலைக்கு இடையூறு நேருமென அஞ்சிக் குறைத்தோ, எளிய பணி வேண்டிக் கூட்டியோ எழுத வேண்டா. விடை பிழையானால் சிகிச்சையும் திசை மாறும்.

4. மணவாழ்க்கை பற்றிய வினாவுக்கு விடையளிக்கத் தயங்கினால் விட்டுவிடலாம். அப்போது 45க்கே கணக்கிடுவோம்: ஒன்பது விடைகளில் 18 பெற்றால் 40 விழுக்காடு.

20 விழுக்காடு வரை சிறிதளவு இயலாமை. 21 முதல் 40 வரை நடுத்தரம். 41 முதல் 60 வரை கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. ஒரு முறை பெற்ற எண்ணைவிட, சிகிச்சைக்குப்பின் ஏற்படும் மாற்றமே முதன்மையானது. ஏறத்தாழ 10 புள்ளிகள் குறைந்தால் பயன் கிட்டியுள்ளதெனக் கொள்ளலாம்.

எண் எதுவாயினும், சிறுநீர் மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் இடையே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வினாத்தாளுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.