ஏலத்தோட்டத்தில் கூடிய உழவர் மன்றம்

போடிநாயக்கனூர்ப் பகுதி உழவர் மன்றத்தினர் ஆனித் திங்கள் கூட்டத்தை ஊர்ச் சாவடியில் நடத்தாது, முந்தலைக் கடந்து, போடிமெட்டுச் சரிவிலுள்ள உறுப்பினர் ஒருவரின் ஏலத்தோட்டத்திலேயே கூட்டினர். நாமும் உடன் சென்றோம்.

ஏலப்பூ விடியலில் மலர்ந்து அன்றே வாடிவிடும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. தோட்டக்காரரோ, இலைப்பேனுக்கு அஞ்சிக் காலை வேளையிலேயே மருந்து தெளித்து வந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. போடியில் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் மின்னணு ஏலத்தில் நிறமும் பருமனுமே விலையை முடிவு செய்கின்றன; சொறி விழுந்த காயை எவரும் விரும்பார்.

“பேன் குறைந்தது, ஐயா, காயும் குறைந்துவிட்டதே!” என்றார்.

நாம் மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் வினவிக்கொண்டிருந்தோம். காயெடுக்கும் மூதாட்டி ஒருவர், “தேனீ இரைச்சல் கேட்டு மூணு வருசமாச்சுங்கய்யா” என்றார். அவரை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மருந்தை அறவே விடுக என நாம் கூறவில்லை. பேன் தென்பட்ட பின்னர், பிற்பகலில், அளவறிந்து தெளித்தல் நன்று. காய்ந்த இலையுறைகளைக் களைந்தால் பேன் ஒதுங்கும் இடமும் குறையும். நஞ்சின் எச்சம் மிகுந்த காயை அயல்நாட்டார் ஏலார் என்பதையும் எடுத்துரைத்தோம்.

நான்கு வரிசைகளில் மட்டும் காலைத் தெளிப்பை நிறுத்திப் பார்க்கத் தோட்டக்காரர் இசைந்தார். அவ்வரிசைகளில் சில சரங்களுக்கு நூல் கட்டியாயிற்று. காய்களை எண்ணும் பொறுப்பு மூதாட்டியுடையது. பூ காயாகி முற்ற ஏறத்தாழ 120 நாள். ஐப்பசியில் மன்றம் மீண்டும் அங்கேயே கூடும்.