மாமியாரின் இன்னொரு அஞ்சறைப் பெட்டி

வானகரத்திலிருந்து வாசகி ஒருவர் போன் செய்திருந்தார். குரலில் அத்தனை தயக்கம். ‘‘எங்க அத்தை தவறி வருஷம் முடிஞ்சுடுச்சு. இந்தப் புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்கு நான்தான் தளிகை போடணும். புளியோதரைக்கு மிளகாய் போடலாமா, கூடாதான்னுகூட எனக்குத் தெரியலை. இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு தேங்காய் துருவிக் கொடுத்திருக்கேனே தவிர, எதையும் எழுதி வெச்சுக்கலை. கேட்டா, ‘எல்லாம் கண் திட்டம்தான்’னு சொல்வாங்க...’’ என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் நிறுத்திவிட்டார்.

சகோதரிகளே, இந்தத் தவிப்பு உங்களில் பலருக்கும் இருக்கும். பாட்டியோடு போன பட்சணம், மாமியாரோடு போன பக்குவம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. எனவே, அந்தச் சகோதரிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மிளகாய். அது நம் ஊர்ச் சரக்கே அல்ல! தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களின் கப்பலில் வந்து இறங்கியது. அதற்கு முன்பு நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். சங்கத் தமிழில் ‘கறி’ என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். முசிறித் துறைமுகத்தில் யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிப் போன காலம் அது. பின்னால் வந்த புதுக் காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டவைத்து, மிளகு+காய் என்று மிளகாய் ஆக்கிவிட்டார்கள் நம்மவர்கள்.

பெருமாள் கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும், வீட்டில் திவசச் சமையலிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் எதுவும் நுழையாது. ஏன் என்று இப்போது புரிகிறதா? இவையெல்லாம் வெளியூரிலிருந்து பிற்காலத்தில் வந்தவை. வீட்டுச் சமையல் மாறிக்கொண்டே போனது; சுவாமிக்கும் பித்ருக்களுக்கும் சமைக்கும் அடுப்பு மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துக் கொட்டுகிறோமே முந்திரி... அதுவும் பிரேசிலிலிருந்து அதே போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்ததுதான்! மிளகாயை வாசலிலேயே நிறுத்திய நாம், முந்திரியை மட்டும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டோம். அதனால், ‘தெரியாமல் மிளகாய் போட்டுவிட்டேனே, தெய்வக் குற்றமாகிவிடுமோ’ என்று யாரும் நடுங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இது குடும்ப வழக்கம். தெரிந்தால் காப்பாற்றுவது அழகு.

வானகரம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சாலைதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தைத் தாண்டினால் பூந்தமல்லி. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சிநம்பி அவதரித்த ஊர். அதன் பக்கத்திலேயே திருமழிசை ஆழ்வாரின் திருமழிசை. அப்புறம் உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். முடிவில் காஞ்சிபுரம்! லாரிகளுக்கு நடுவே தினமும் இந்தச் சாலையைக் கடக்கிற நமக்கு, காஞ்சிக்குப் போகிற வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்வதற்காகவே போல ஒரு சங்கப் பாட்டு இருப்பது தெரியுமா?

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். 500 அடிகளில் பாதி வழியெல்லாம் விருந்துதான். ஆயர் வீட்டில் பாலும் தினைச் சோறும், உழவர் வீட்டில் நெல்லுச் சோறு... புலாலும் உண்டு, மறைப்பதற்கில்லை. நமக்கு வேண்டியது, மறை ஓதும் அந்தணர் வீட்டுச் சமையல்.

பசுங்கன்று கட்டிய பந்தல், சாணம் மெழுகிய வீடு, வேதம் சொல்லும் கிளி. அங்கே, வளையணிந்த பெண் பக்குவம் அறிந்து சமைத்த சோறு. தொட்டுக்கொள்ள மாதுளங்காய்! பிஞ்சான பச்சைக் காயைப் பிளந்து, பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவி, கறிவேப்பிலை சேர்த்தது. பக்கத்தில் மாவடு ஊறுகாய். இன்று நாம் வடுமாங்காய் போடுகிறோமே, அதே மாவடுதான்! அந்தப் பெண்ணின் பெயரைப் புலவர் சொல்லவில்லை. ஆனால், அவள் பக்குவம் அறிந்தவள் என்பதைச் சொல்ல மறக்கவில்லை. ‘கண் திட்டம்’ என்றாரே அந்த அத்தை, அது இதுதானே?

இந்தப் பொரியலை நான் செய்து பார்த்தேன். முதல் தடவை பழுத்த மாதுளையை உதிர்த்துப் போட்டுவிட்டேன். தித்திப்பும் மிளகும் சேர்ந்து பாயசமா, ரசமா என்று தெரியாத ஒரு பண்டமாகிவிட்டது. பச்சைக் காய் கேட்டால் பழக்கடையில் சிரிக்கிறார்கள். வீட்டில் மாதுளை மரம் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிடைக்காதவர்கள், புளிப்பு மாறாத வெளிர் முத்துக்களாகப் பார்த்து எடுங்கள். ஒரு கிண்ணம் முத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். வெண்ணெய் உருகியதும் கறிவேப்பிலை, பிறகு முத்துக்கள், உப்பு. மூன்றே நிமிடம், இறக்கும்போது கரகரப்பாகப் பொடித்த மிளகு அரை டீஸ்பூன். சூடான சாதத்துக்கு அவ்வளவு பொருத்தம்!

அதே பாட்டில், காஞ்சியை நெருங்கும்போது திருவெஃகா வருகிறது. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைப் பாடுகிறார் புலவர். திருமழிசை ஆழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணனும் ஊரை விட்டுக் கிளம்பியபோது பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாரே, அந்த ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’தான். அந்தச் சோலையில் குருக்கத்திப் பூக்கள் மணல் குழியில் நிற்கும் தண்ணீரில் உதிர்ந்து கிடக்கின்றன. எப்படி இருக்கின்றனவாம்? அப்ப வாணிகர் பாகோடு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டமான அப்பம் பாலில் மிதப்பது போல! பெருமாள் சந்நிதிக்குப் பக்கத்தில் நின்றும் புலவருக்குப் பாலப்பம் ஞாபகம் வந்திருக்கிறது பாருங்கள்.

‘இழை’ என்றதும் எனக்கு நம் இடியாப்பம்தான் தோன்றுகிறது. அப்படியே செய்யலாம். அவித்த இடியாப்பத்தின் மேல் ஏலக்காய் தட்டிப்போட்ட வெல்லப்பாகை ஊற்றுங்கள். பாகு நன்றாக ஆறிய பிறகுதான் காய்ச்சி ஆறவைத்த பாலைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துவிடும், ஜாக்கிரதை.

இட்லி மட்டும் இந்த வழியில் கிடைக்காது. அது சங்கப் பாட்டுகளில் இல்லை. கி.பி. 10-ம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனெயில் ‘இட்டலிகெ’ என்று வருகிறது. 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் வரும் பண்டத்தில் உளுந்து உண்டு, அரிசி இல்லை. மிளகும் சீரகமும் பெருங்காயமும் உண்டு! காஞ்சி வரதர் கோயிலில் மூங்கில் குடலையில் வேகவைக்கும் இட்லியிலும் இந்த மிளகும் சீரகமும், கூடவே சுக்கும் இருக்கின்றன. வீட்டில் செய்ய: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து சம அளவு, ரவை பதத்தில் அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, நெய்யில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் தாளித்துச் சேர்த்து, நெய் தடவிய டம்ளர்களில் ஊற்றி 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

இனி, வானகரத்துச் சகோதரியின் புளியோதரை. போனில் சொன்னால் போதாது என்று நேரிலேயே போனேன். சமையலறை மேல்தட்டில் துணியில் சுற்றிய பித்தளை அஞ்சறைப் பெட்டி ஒன்று. ‘‘இது அத்தையோட பழைய பெட்டி. உபயோகமில்லைன்னு மேல வெச்சிருக்கேன்’’ என்றார். திறந்து பார்த்தோம். மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, சுக்கு. தினசரிப் பெட்டியில் இருந்த வரமிளகாய் இதில் இல்லை! தளிகைக்கென்றே அந்த அம்மா தனியாக வைத்திருந்த பெட்டி. அந்தச் சகோதரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அப்புறம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டோம்.

ஓர் ஆழாக்கு அரிசிக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி. கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். ஒன்றரை டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் வெந்தயம் வறுத்துப் பொடித்து, இறக்கும்போது சேர்க்கவும். சாதம் உதிரியாக ஆறியபின் கிளறி, இரண்டு மணி நேரம் ஊறட்டும். வேர்க்கடலை வேண்டாம், அதுவும் தென் அமெரிக்காக்காரர்தான்!

மிளகைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் கிடந்த மிளகில் மணம் இருக்காது. புதிதாக வாங்கி, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துவிட்டு, அதே கிண்ணத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.