தாமதம் யாருடையது என்று முதலில் பார்

திருத்தணி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பாப்பா யார் கையையும் பிடிக்காமல் பள்ளிக்கூடம் போய் வருகிறாள் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. கூடவே, நீ வக்கீலைப் போனில் வாயில் வந்தபடி பேசிவிட்டாய் என்றும், பாப்பாவின் விபத்து இழப்பீட்டு வழக்கே வேண்டாம், இன்ஷூரன்ஸ்காரன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறாய் என்றும் சொன்னாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது. காகிதத்தில் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்து டிக் போட்டுக்கொண்டே வரலாம்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். ஒரு கேஸ் கட்டு எந்த அலமாரியில், எதற்காகத் தூங்குகிறது என்பது வக்கீலைவிடக் குமாஸ்தாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தத் தாமதத்துக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அது யார் என்று தெரியாமல் வக்கீல் மேல் பாய்ந்தால், குற்றம் அவர் பக்கமே இருந்தாலும் உன்னால் அதைப் பிடிக்க முடியாது.

கண்டுபிடிக்கும் வழி உன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியைப் போனில் இறக்கிக்கொள். உன் மனுவின் எம்.சி.ஓ.பி. எண்ணைப் போட்டால் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் வரும். அதை எழுதி வைத்துக்கொள். உள்ளே போனால் இதுவரை போன வாய்தா எல்லாம் தேதி வாரியாக இருக்கும். ஒவ்வொரு தேதியையும் தொட்டுப் பார்த்தால் அன்று என்ன நடந்தது என்று இரண்டு வரி இருக்கும். ஒரு நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு கிழித்துக்கொள். நீதிபதி விடுப்பு, மாற்றல், கோடை விடுமுறை, வக்கீல்கள் புறக்கணிப்பு எல்லாம் முதல் பத்தி. வண்டி உரிமையாளரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கவுண்டர் (பதில் மனு) போட நேரம் கேட்டது இரண்டாவது. ‘மனுதாரர் தரப்பில் நேரம் கேட்கப்பட்டது’, ‘மனுதாரர் ஆஜரில்லை’, ‘பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டவில்லை’ என்று வருவது மூன்றாவது. நம் வக்கீலைப் பற்றிப் பேச வேண்டியது அந்த மூன்றாவது பத்தியை வைத்து மட்டும்தான்.

உன் வழக்குக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. விபத்து நடந்தது நகரி பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவில், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்று இருப்பதால்தான் நம் மாவட்டத்தில் போட முடிந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தறியை நிறுத்திவிட்டு நீ ஆந்திரா போய் நின்றிருக்க வேண்டும். ஆனால் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை எல்லாம் தெலுங்கில் இருக்கின்றன. லாரி உரிமையாளர் விலாசமும் அந்தப் பக்கம். 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை திருத்தணி ஆந்திராவில்தான் இருந்தது. நமக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரிகிறது என்பதற்காகக் கோர்ட் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது; மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்ய வேண்டும். நோட்டீஸ் அங்கே போய், ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பி வந்தால், புது விலாசம் தேடி மறுபடி பேட்டா கட்ட வேண்டும். இதில் சில மாதம் போவது இயல்பு. திரும்பி வந்த நோட்டீசுக்கு யாரும் பேட்டா கட்டாமல் நாலு வாய்தா போயிருந்தால், அது இயல்பு இல்லை. இந்த வித்தியாசத்தை உன் நோட்டு காட்டும்.

இன்னொரு தாமதம் பாப்பாவுக்கே நல்லது. வளர்கிற குழந்தைக்கு எலும்பின் முனையில் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. அங்கே அடிபட்டிருந்தால் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாவது வளர வளரத்தான் தெரியும். அவசரப்பட்டு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதி வாங்கிவிட்டால், பிறகு கூடினாலும் அந்தக் கணக்குதான் நிற்கும். வக்கீல் ‘டாக்டர் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார்’ என்றால் சண்டை போடாதே. எந்த டாக்டர், எப்போது சொன்னார், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேள்.

இப்போது உன் பக்கத்து வேலைக்கு வருகிறேன். கால் முறிந்த அன்று முதலுதவி முடிந்ததும் பாப்பாவைப் புத்தூர் கட்டுக்குக் கொண்டுபோனீர்கள். நம்ம பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் குறை சொல்லவில்லை. எலும்பு கோணலாகச் சேர்ந்து, பிறகு சென்னையில் ஆபரேஷன் ஆயிற்று. இன்ஷூரன்ஸ் வக்கீல் உன்னைக் கூண்டில் ஏற்றினால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “கால் வளைந்தது விபத்தினாலா, நாட்டுக் கட்டினாலா?” அதற்கு நீ சொல்லும் பதில் செல்லாது. விபத்து நடந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயும், ஆஸ்பத்திரியில் பதிந்த விபத்துப் பதிவேட்டு நகலும், ஆபரேஷன் செய்த டாக்டரின் சாட்சியமும்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் கேஸ் கட்டில் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கண்ணால் பார். இல்லையென்றால் பதிவேட்டு நகலுக்கு நீயே எழுதிக் கொடுத்து வாங்கு. மருந்து பில், வண்டி வாடகை ரசீது, அவள் ஒரு வருஷம் பள்ளி போகாததற்குத் தலைமையாசிரியர் சான்று, இன்னும் ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றால் செலவு எவ்வளவு ஆகும் என்று டாக்டரின் கடிதம், எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து உன்னிடம் ஒரு செட் வைத்துக்கொள். அசலைக் கொடுக்கும்போதெல்லாம் குமாஸ்தாவிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கு. சந்தேகம் அல்ல, பழக்கம் என்று சொல். எந்தக் குமாஸ்தாவும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இதெல்லாம் எதற்கு என்று நினைப்பாய். ஹரியானாவில் 2007இல் 12 வயதுப் பெண் ஒருத்தி லாரி மோதித் தலையில் அடிபட்டு, வாழ்நாள் முழுக்கப் பிறர் துணையில் கிடக்கும்படி ஆகிவிட்டது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 25 லட்சம் ஆக்கியது. சுப்ரீம் கோர்ட் 2020 பிப்ரவரியில் 62 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும், அவள் வளர்ந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதையும் காகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டதால்தான் அந்தத் தொகை. நம் பாப்பாவின் காயம் அந்த அளவு இல்லை, கடவுள் காப்பாற்றினார். தொகையும் அந்த அளவு வராது. 2013இல் சுப்ரீம் கோர்ட் குழந்தைகளுக்கு ஒரு அளவுகோல் வைத்தது: மொத்த உடம்புக்கு ஊனம் பத்துக்கு மேல் முப்பது சதவீதம் வரை இருந்தால், வைத்தியச் செலவு போக 3 லட்சம். அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் இன்னும் தாராளமாகவே போகின்றன. இன்ஷூரன்ஸ்காரன் வாயால் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சலித்துக்கொள்.

காத்திருப்பதும் முழு நஷ்டம் இல்லை. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. நம் கோர்ட்டுகளில் பெரும்பாலும் ஏழரை சதவீதம் போடுகிறார்கள். ஆனால் நம் தரப்பு ஆஜராகாமல் வழக்கு டிஃபால்ட்டில் தள்ளுபடியாகிப் பிறகு மீட்டெடுத்தால், இடையில் கிடந்த காலத்துக்கு வட்டி இல்லை என்று எழுதிவிடுவார்கள். மீட்பு மனுவுக்கும் 30 நாள்தான் கெடு. ஆகவே செயலியில் ‘டிஸ்மிஸ்டு’ என்ற எழுத்தைப் பார்த்தால் அன்று மாலையே வக்கீல் ஆபீஸ் வாசலில் நில்.

சரி, நோட்டில் மூன்றாவது பத்தி நீளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள். அப்போதும் போனில் கத்தாதே. காலை பத்தரை மணிக்குக் கோர்ட் வராந்தாவில் வழிமறிக்காதே. அந்த நேரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. சாயங்காலம் ஆபீசுக்குப் போ. ‘கேஸ் எப்ப சார் முடியும்?’ என்று கேட்காதே. அதற்கு எந்த வக்கீலிடமும் பதில் கிடையாது. ‘இரண்டாம் எதிர்மனுதாரர் நோட்டீசுக்கு பேட்டா கட்டியாச்சா? மொழிபெயர்ப்பு தாக்கல் ஆச்சா? டாக்டருக்கு சம்மன் எப்போது?’ என்று கேள். இப்படிக் கேட்கிற கட்சிக்காரனின் கட்டு அலமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிடும்.

வந்தும் பயன் இல்லையென்றால் எழுத்தில் கேள். இந்த மாதிரி எழுது:

“ஐயா, என் மகள் வழக்கில் கீழ்க்கண்ட தேதிகளில் நம் தரப்பில் நேரம் கேட்கப்பட்டதாகத் தெரிகிறது. நிலுவையில் உள்ள வேலை என்ன, நான் தர வேண்டிய ஆவணம் அல்லது செலவு ஏதும் உண்டா என்பதை 15 நாளுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

தேதிகளைக் கீழே எழுது. குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்து. நான் பார்த்தவரை இந்த ஒரு கடிதத்தோடு பாதி வழக்கு நகர்ந்துவிடும். அவர் பக்கமும் கொஞ்சம் நினைத்துப் பார். இந்த வகை வழக்கில் தீர்ப்பாகி டெபாசிட் ஆகும்வரை வக்கீலுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. சில்லறைச் செலவைக் கைக்காசு போட்டுத்தான் ஓட்டுகிறார். பேட்டா, மொழிபெயர்ப்பு, டாக்டர் வருகை இவற்றுக்கான காசை நீ கேட்காமலே கொண்டுபோய்க் கொடு. ஆனால் வருகிற தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பேசினால் தலையாட்டாதே; அது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வெற்றுத்தாளிலும், எழுதாத செக்கிலும் கையெழுத்துப் போடவே போடாதே.

கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால் வக்கீலை மாற்று. அது துரோகம் இல்லை. அவரிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கிப் புது வக்கீல் வக்காலத்துப் போடுவதுதான் மரியாதையான வழி. தரமாட்டேன் என்றால் கோர்ட்டில் அனுமதி கேட்டு மாற்றலாம். பீஸ் பாக்கி இருக்கிறது என்று கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. சுப்ரீம் கோர்ட் 2000இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாகத்தான் வசூலிக்க வேண்டும். நியாயமாக வேலை செய்ததற்கு உள்ளதைக் கொடுத்துவிட்டே வா.

புது வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்காதே. சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வழக்கு பாப்பாவுடையது, நீ அவளுக்காக நடத்துகிறவன். கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடு. 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்தானாம். அந்தக் கதவை 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மூடிவிட்டது; வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் அது வக்கீலின் நடத்தையை விசாரிக்கும் இடம், பாப்பாவின் வழக்கை நகர்த்தாது. காசை மறைத்தார், எதிர்த்தரப்போடு சேர்ந்தார், தள்ளுபடி ஆனதைச் சொல்லாமல் ஏமாற்றினார் என்றால் போ. வெறும் சோம்பலுக்கு ஆளை மாற்றுவதே போதும்.

கடைசியாக அந்த சமாதானப் பேச்சு. மைனர் வழக்கில் அப்பா நினைத்தால் மட்டும் ராஜி ஆகிவிட முடியாது. குழந்தைக்கு நன்மைதான் என்று கோர்ட் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் செல்லும். லோக் அதாலத்தில் முடித்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் மெடிக்கல் போர்டு சதவீதம் வராமல் எந்த மேசையிலும் உட்காராதே. வந்த பிறகு நியாயமான தொகை சொன்னால் தாராளமாக முடித்துக்கொள். அடம் பிடித்து உயர் நீதிமன்றம் வரை இழுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. தொகையும் உன் கைக்கு வராது. பாப்பா பெயரில் பாங்கில் வைப்பாகப் போட்டு, அவள் மேஜர் ஆகும்வரை வட்டியை மட்டும் அவள் செலவுக்கு எடுக்க விடுவார்கள். தறிக் கடனை அந்தப் பணத்தில் அடைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. அந்த எண்ணம்தான் உன்னை அவசரப்படுத்துகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வீட்டில் வழக்குப் பேச்சை பாப்பா தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ‘உன் கால் பணம்’ என்கிற வார்த்தை அவள் காதில் விழவே கூடாது. அன்று பைக்கில் கூட வந்த உன் பெண்டாட்டியையும் குத்திப் பேசாதே. லாரிக்காரன் செய்ததற்கு அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் ஜெராக்ஸ் செட்டையும் எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டையிலிருந்து காலை பஸ்சிலேயே வந்துவிடு. மூன்று பத்தியையும் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். கடிதம் எழுத வேண்டிய நிலை என்றால் இங்கேயே எழுதி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடலாம். பாப்பாவையும் கூட்டி வா. அத்தை பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா